மார்பகத்தில் ஒட்டுண்ணி நீர்க்கட்டிகள்: கண்டறிதலும் சிகிச்சை நெறிகளும்

ஆய்வுச் சுருக்கம்

மார்பகத்தில் தோன்றும் கட்டிகளுள் ஒட்டுண்ணிகளால் உண்டாகும் நீர்க்கட்டிகள் மிக அரிதானவை. நாயின் குடலில் வாழும் எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்னும் சிறு நாடாப்புழுவின் இளம்பருவத்தால் ஏற்படும் ஹைடாடிட் கட்டி இவற்றுள் முதன்மையானது. பன்றி நாடாப்புழுவான டீனியா சோலியத்தின் இளம்பருவத்தால் ஏற்படும் சிஸ்டிசெர்கோசிஸ் மற்றொன்று. இவை புற்றுநோயாகவோ சாதாரணக் கட்டியாகவோ தவறாகக் கருதப்பட்டால், தேவையற்ற பெரிய அறுவைக்கோ பாதுகாப்பற்ற ஊசித் துளைப்புக்கோ நோயாளி உள்ளாக நேரிடும். ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி, கட்டியின் உள்ளமைப்பு, படிமச் சோதனைகளில் புலப்படும் அடையாளங்கள், ஊனீர்ச் சோதனையின் வரம்புகள், ஊசிச் சோதனை பற்றிய கருத்து வேறுபாடு, அறுவை மற்றும் மருந்துச் சிகிச்சையின் நெறிகள், தடுப்பு முறைகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: ஹைடாடிட் கட்டி, எக்கினோகாக்கஸ், சிஸ்டிசெர்கோசிஸ், மார்பகக் கட்டி, அல்பெண்டசோல், ஊசிச் சோதனை.

1. முன்னுரை

மார்பகத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டதும் நோயாளியின் மனத்திலும் மருத்துவரின் மனத்திலும் முதலில் எழுவது புற்றுநோய் பற்றிய அச்சமே. அவ்வச்சம் நியாயமானது, உலகெங்கும் பெண்களிடம் மிகுதியாகக் கண்டறியப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். ஆனால் மார்பகக் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்லாதவை. அவற்றுள்ளும் மிகச் சிலவே ஒட்டுண்ணிகளால் தோன்றுகின்றன. உடலில் காணப்படும் ஹைடாடிட் கட்டிகள் அனைத்தையும் கணக்கிட்டால் மார்பகத்தில் அமைபவை ஏறத்தாழ 0.27 விழுக்காடு என்பது மருத்துவ இலக்கியத்தில் பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு.

இத்துணை அரிதான ஒன்றைப் பற்றி ஏன் அறிய வேண்டும் என்ற வினா எழலாம். அரிதான நோய் நினைவில் இல்லாதபோது இரு வகைத் தவறுகள் நிகழ்கின்றன. முதலாவது, கட்டியைப் புற்றுநோய் எனக் கருதி மார்பகத்தையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் முழுமையாக அகற்றிவிடுதல். இரண்டாவது, அதனைச் சாதாரண நீர்க்கட்டி எனக் கருதி, எவ்வித முன்னேற்பாடும் இன்றி ஊசியால் குத்தி நீரை வெளியேற்றுதல். முதல் தவறு பெண் ஒருவரின் உறுப்பை வீணாக இழக்கச் செய்கிறது. இரண்டாவது தவறு அவரை ஒவ்வாமை அதிர்ச்சிக்கும் நோய் மீண்டும் பரவுவதற்கும் உள்ளாக்கக்கூடும். எனவே இந்நோயை அறிந்திருப்பதன் பயன், அதைக் காணும் வாய்ப்பைக் காட்டிலும் பெரிது.

சொல்லாட்சி பற்றிய குறிப்பும் இங்குத் தேவை. தமிழில் ‘நீர்க்கட்டி’ என்ற ஒரே சொல் சினைப்பையில் தோன்றும் கட்டியையும், மார்பகத்தில் சுரப்பி மாற்றங்களால் உண்டாகும் கட்டியையும், ஒட்டுண்ணியால் உண்டாகும் கட்டியையும் குறிக்க வழங்குகிறது. ‘ஹைடாடிட்’ என்ற சொல்லுக்கும் ஒருகாலத்தில் இந்நிலையே இருந்தது. நீர்த்துளி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த அது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீர் நிறைந்த பலவகைக் கட்டிகளுக்கும் பொதுப்பெயராக இருந்தது. மார்பக நோய்களைப் பற்றி 1829ஆம் ஆண்டு நூல் வெளியிட்ட ஆங்கிலேய அறுவை மருத்துவர் சர் ஆஸ்ட்லி கூப்பரும் அச்சொல்லை அவ்வாறு விரிவாகவே ஆண்டார். ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி தெளிவுற்ற பின்னரே அச்சொல் இன்றைய வரையறுத்த பொருளைப் பெற்றது. இக்கட்டுரையில் ‘ஒட்டுண்ணி நீர்க்கட்டி’ என்பது புழுவின் இளம்பருவத்தால் உண்டானதை மட்டுமே குறிக்கும்.

2. ஒட்டுண்ணியும் அதன் வாழ்க்கைச் சுழற்சியும்

எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் நாடாப்புழு இனத்தைச் சேர்ந்தது. பிற நாடாப்புழுக்கள் சில மீட்டர் நீளம் வளர, இதன் முதிர்ந்த வடிவமோ 2 முதல் 7 மில்லிமீட்டர் நீளமே உடையது. நாயும் அதன் இனத்தைச் சார்ந்த விலங்குகளும் இதன் இறுதி ஓம்புயிர்கள். நாயின் சிறுகுடலில் வாழும் புழு இடும் முட்டைகள் கழிவுடன் வெளியேறி மண்ணிலும் நீரிலும் புல்லிலும் கலக்கின்றன. குளிர்ந்த ஈரமான சூழலில் அவை பல மாதங்கள் உயிருடன் இருக்கவல்லன. கடும் வறட்சியும் வெப்பமும் அவற்றை அழிக்கும்.

புல்லுடன் இம்முட்டைகளை உண்ணும் ஆடு, செம்மறி, மாடு, ஒட்டகம் முதலியவை இடைநிலை ஓம்புயிர்கள். அவற்றின் கல்லீரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் வளர்கின்றன. அவ்விலங்கு அறுக்கப்பட்டு, கட்டி உள்ள ஈரலோ நுரையீரலோ நாய்க்கு எறியப்படும்போது சுழற்சி நிறைவுறுகிறது. செம்மறியின் கட்டிகளை நாய்களுக்கு உண்ணக் கொடுத்து, அவற்றின் குடலில் முதிர்ந்த புழுக்கள் தோன்றுவதை 1852ஆம் ஆண்டளவில் ஜெர்மானிய விலங்கியலாளர் கார்ல் தியோடர் ஃபான் சீபோல்ட் மெய்ப்பித்தார்.

மனிதர் இச்சுழற்சியில் தற்செயலாகச் சிக்குபவர். நாயைத் தடவிய கையால் உண்பது, மாசுபட்ட நீரைப் பருகுவது, கழுவாத காய்கறிகளை உண்பது ஆகியவற்றால் முட்டைகள் உடலில் நுழைகின்றன. ஆட்டிறைச்சியை உண்பதால் மனிதருக்கு ஹைடாடிட் நோய் வருவதில்லை என்பது குறிப்பிடத்தக்கது. கட்டியை உண்ணும் நாய்க்குப் புழு உண்டாகும், முட்டையை விழுங்கும் மனிதருக்குக் கட்டி உண்டாகும். நோயுற்றவரிடமிருந்து குடும்பத்தாருக்கோ, தாயின் பால் வழியாகக் குழந்தைக்கோ இந்நோய் தொற்றுவதில்லை.

மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகள், மேற்கு ஆசியா, நடு ஆசியா, சீனத்தின் மேற்குப் பகுதிகள், கிழக்கு ஆப்பிரிக்கா, தென்னமெரிக்காவின் மேய்ச்சல் நிலங்கள் ஆகியவற்றில் இந்நோய் மிகுதி. அர்ஜென்டினா, பெரு, கிழக்கு ஆப்பிரிக்கா, நடு ஆசியா, சீனம் ஆகியவற்றின் சில பகுதிகளில் மக்களுள் 5 முதல் 10 விழுக்காட்டினர்வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என உலக நலவாழ்வு நிறுவனம் குறிப்பிடுகிறது. இந்தியாவில் ஆந்திரம், தமிழ்நாடு, ஜம்மு காஷ்மீர் முதலிய பகுதிகள் இந்நோய் தொடர்பான மருத்துவக் கட்டுரைகளில் அடிக்கடி இடம்பெறுகின்றன.

3. மார்பகத்தை அடையும் வழி

விழுங்கப்பட்ட முட்டையின் உறை சிறுகுடலில் கரைய, கொக்கிகளுடன் கூடிய நுண்கரு வெளிப்பட்டுக் குடற்சுவரைத் துளைத்துக் குருதி நாளங்களில் நுழைகிறது. குடலிலிருந்து வரும் குருதி முதலில் கல்லீரலை அடைவதால் அதுவே முதல் வடிகட்டியாகிறது. ஏறத்தாழ 70 விழுக்காட்டுக் கட்டிகள் அங்கேயே அமைகின்றன. அதனைக் கடப்பவை நுரையீரலின் நுண்குழல்களில் தங்குகின்றன. ஏறத்தாழ 20 விழுக்காட்டுக் கட்டிகள் அங்கு அமைகின்றன. இவ்விரு வடிகட்டிகளையும் கடந்து பொதுக் குருதியோட்டத்தில் கலப்பவையே மண்ணீரல், சிறுநீரகம், மூளை, எலும்பு, தசை, மார்பகம் முதலிய உறுப்புகளைச் சென்றடைகின்றன. நிணநீர் நாளங்கள் வழியாகக் கல்லீரலைத் தவிர்த்துச் செல்லவும் இயலும் எனக் கருதப்படுகிறது.

இவ்விளக்கத்திலிருந்து பெறப்படும் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. மார்பகத்தில் கட்டி இருப்பின், கல்லீரலிலும் நுரையீரலிலும் வேறு கட்டிகள் இருக்கக்கூடும். மார்பகம் ஒன்றே பாதிக்கப்பட்ட நோயாளிகளும் உள்ளனர். எனினும் வயிற்றுக்கு அல்ட்ராசவுண்டும் மார்புக்கூட்டுக்கு எக்ஸ்ரேயும் எடுக்காமல் அவ்வாறு முடிவு செய்தல் கூடாது.

4. கட்டியின் உள்ளமைப்பு

ஹைடாடிட் கட்டியின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. வெளியடுக்கு நோயாளியின் உடலே எழுப்பும் நார்த்திசு உறை. அதனுள் அமைவது செல்கள் அற்ற, வெண்மையான, மென்தாள்களை அடுக்கியது போன்ற அடுக்குச் சவ்வு. எல்லாவற்றிற்கும் உள்ளே இருப்பது முளைப்படலம். மிக மெல்லிய இப்படலமே ஒட்டுண்ணியின் உயிர்ப்பகுதி. நீரைச் சுரப்பதும், புரோட்டோஸ்கோலெக்ஸ் எனப்படும் நுண்ணிய புழுத்தலைகளையும் சேய்க்கட்டிகளையும் உருவாக்குவதும் இதுவே.

உள்ளிருக்கும் நீர், கட்டி பழுதுறாதவரை ஊற்றுநீர் போல் தெளிவானது. உதிர்ந்த புழுத்தலைகளும் கொக்கிகளும் அடியில் மணல்போல் படிகின்றன. இந்நீர் இரு காரணங்களால் இடர் மிக்கது. அதிலுள்ள புரதங்கள் ஒவ்வாமையைத் தூண்டவல்லன. சிந்தும் ஒவ்வொரு புழுத்தலையும் புதிய கட்டியாக வளரும் ஆற்றல் உடையது. சிகிச்சையின் ஒவ்வொரு நெறியும் இவ்விரு உண்மைகளின்மேல் அமைந்தது.

5. அறிகுறிகளும் மயக்கம் தரும் பிற கட்டிகளும்

பெரும்பாலான நோயாளிகள் நடுத்தர வயதுப் பெண்கள். மெல்ல வளரும், வலியற்ற, நகரும் தன்மையுள்ள கட்டி என்பதே வழக்கமான முறையீடு. கட்டி பல ஆண்டுகளாக இருந்ததாகச் சொல்லப்படுவதும் உண்டு. தோலில் சுருக்கமோ, முலைக்காம்பில் உள்ளிழுப்போ, அக்குளில் கணு வீக்கமோ பொதுவாகக் காணப்படுவதில்லை. கட்டியில் நுண்ணுயிர்த் தொற்று ஏற்பட்டால் வலியும் சிவப்பும் காய்ச்சலும் தோன்றி, அது சீழ்க்கட்டி போல் தோற்றமளிக்கும்.

இவ்வறிகுறிகளுள் எதுவும் இந்நோய்க்கே உரியது அன்று. இளம்பெண்களிடம் மிகுதியாகத் தோன்றும் ஃபைப்ரோஅடினோமா, விரைந்து பெருக்கும் ஃபிலாய்ட்ஸ் கட்டி, சாதாரண நீர்க்கட்டி, பாலூட்டும் தாயரிடம் காணப்படும் பால்கட்டி, நாட்பட்ட சீழ்க்கட்டி, மார்பகக் காசநோய், தெளிவான விளிம்புகளுடன் வளரும் சிலவகைப் புற்றுநோய் ஆகிய அனைத்தும் இதனைப் போன்றே தோன்றலாம். ஆகவே கைச்சோதனையால் நோயை உறுதி செய்ய இயலாது. ஐயத்தை எழுப்பவே இயலும்.

அவ்வையத்தை எழுப்புபவை நோயாளியின் வாழ்சூழல் பற்றிய எளிய வினாக்களே. ஆடு வளர்ப்பு, வீட்டிலும் பட்டியிலும் நாய்களுடன் நெருங்கிய பழக்கம், ஆடறுக்கும் இடத்திற்கு அருகில் குடியிருப்பு, நோய் மிகுந்த நாட்டில் வாழ்ந்த காலம், முன்னர்க் கல்லீரல் அல்லது நுரையீரல் கட்டிக்காகச் செய்துகொண்ட அறுவை ஆகியவற்றைக் கேட்டறிவதற்குச் சில நிமிடங்களே போதும். எனினும் கட்டி மெல்ல வளர்வதால், தொற்று நிகழ்ந்தது பல ஆண்டுகளுக்கு முன்னராகவும் வேறோர் ஊரிலாகவும் இருக்கலாம்.

6. படிமச் சோதனைகள்

மேமோகிராமில் இக்கட்டி தெளிவான விளிம்புடைய வட்ட வடிவ அடர்நிழலாகவே தெரியும். உட்புறம் நீர் நிறைந்ததா திடமானதா என்பதை அது காட்டுவதில்லை. சிலபோது நிழலினுள் வளையங்களோ, நாட்பட்ட கட்டியின் சுவரில் சுண்ணாம்புப் படிவோ தென்படலாம்.

அல்ட்ராசவுண்ட் சோதனையே முதன்மைக் கருவி. துனிசியாவைச் சேர்ந்த ஹசன் கர்பியும் அவர்தம் குழுவினரும் 1981ஆம் ஆண்டு கல்லீரல் கட்டிகளை அல்ட்ராசவுண்ட் தோற்றத்தின்படி வகைப்படுத்தினர். உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு அதனைத் திருத்தி 2003ஆம் ஆண்டு புதிய வகைப்பாட்டை வெளியிட்டது. கல்லீரலுக்கென வகுக்கப்பட்டாலும் இதன் அடையாளங்கள் மார்பகத்திற்கும் பொருந்துகின்றன. அவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதல் நிலையில் ஒற்றை அறையுடைய நீர்க்கட்டி இரட்டைக்கோட்டுச் சுவருடன் காணப்படும். நோயாளி புரளும்போது அடியில் படிந்த மணல் கிளர்ந்து பனித்துகள் போல் மிதக்கும். இரண்டாம் நிலையில் சேய்க்கட்டிகள் நிறைந்து தேன்கூடு போல் தோன்றும். இவ்விரண்டும் உயிர்ப்புள்ள நிலைகள். மூன்றாவது இடைநிலை; உட்சவ்வு சுவரினின்று கழன்று நீரில் அல்லிமலர் போல் மிதப்பதும், திடப்பொருளினிடையே சேய்க்கட்டிகள் அமைவதும் இந்நிலையின் இரு வடிவங்கள். நான்காம் நிலையில் நீர் வற்றி, சுருண்ட சவ்வுகள் நூற்கண்டு போல் திரண்டு திடக்கட்டியின் தோற்றம் தரும். ஐந்தாம் நிலையில் சுவர் சுண்ணாம்பேறித் தடிக்கும். இறுதி இரு நிலைகளிலும் ஒட்டுண்ணி பெரும்பாலும் செயலற்றிருக்கும்.

சேய்க்கட்டிகளும் மிதக்கும் சவ்வும் தெளிவாகத் தெரிந்தால் வேறு நோயை எண்ணுவது அரிது. சிக்கல் முதல் நிலையிலும் நான்காம் நிலையிலும்தான் எழுகிறது. முதல் நிலைக் கட்டியைச் சாதாரண நீர்க்கட்டியாகவும், நான்காம் நிலைக் கட்டியை ஃபிலாய்ட்ஸ் கட்டியாகவோ புற்றுநோயாகவோ கொள்வது எளிது. அத்தகைய நிலையில் எம்.ஆர்.ஐ. உதவும், நார்த்திசு உறை கட்டியைச் சுற்றிக் கருவளையமாகவும், உட்புறச் சவ்வுகள் தெளிவாகவும் அதில் புலப்படும். மார்புச் சுவரின் தசைகளுக்குக் கட்டி பரவியுள்ளதா என்பதையும் அது காட்டும்.

7. ஊனீர்ச் சோதனைகளும் அவற்றின் வரம்புகளும்

நோயாளியின் ஊனீரில் ஒட்டுண்ணிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உள்ளனவா என்பதை எலிசா முதலிய சோதனைகள் ஆராய்கின்றன. சோதனை நேர்மறையானால் ஐயம் வலுப்பெறும். எதிர்மறையானால் நோய் இல்லை எனக் கொள்ள இயலாது. பழுதுறாத அடுக்குச் சவ்வு ஒட்டுண்ணியின் புரதங்களை உள்ளேயே தடுத்து வைப்பதால் உடல் போதிய எதிர்ப்பொருள்களை உருவாக்காமல் இருக்கலாம். கல்லீரலுக்கு வெளியே அமையும் கட்டிகளில் இது மிகுதி. வேறு புழுத்தொற்றுகளாலும் சோதனை நேர்மறையாகலாம். குருதியில் இயோசினோஃபில் அணுக்கள் பெருகுவதும் நிலையான அடையாளம் அன்று. தோலினுள் கட்டிநீரைச் செலுத்திப் பார்க்கும் பழைய கசோனி சோதனை நம்பகமின்மையால் கைவிடப்பட்டது.

8. ஊசிச் சோதனை: ஒரு சிக்கலான முடிவு

மார்பகக் கட்டிக்குக் கைச்சோதனை, படிமச் சோதனை, ஊசியால் திசு எடுத்தல் ஆகிய மூன்றையும் ஒருங்கே செய்வதே உலகெங்கும் பின்பற்றப்படும் நெறி. ஹைடாடிட் கட்டியிலோ ஊசியால் துளைப்பது தவிர்க்கப்பட வேண்டியது என்பது மரபான கருத்து. இவ்விரு நெறிகளும் மோதும் இடம் மார்பக ஹைடாடிட் கட்டி.

ஊசி கூடாது என்போர் ஒவ்வாமை அதிர்ச்சியையும் புழுத்தலைகள் சிந்திப் பரவுவதையும் சுட்டுகின்றனர். மறுதரப்பினர், மெல்லிய ஊசியால் எடுத்த நீரில் கொக்கிகளையும் சவ்வுத் துணுக்குகளையும் நுண்ணோக்கியில் கண்டு, அறுவைக்கு முன்னரே நோயை உறுதி செய்த நேர்வுகளை எடுத்துக்காட்டுகின்றனர். கல்லீரல் கட்டிகளைத் திட்டமிட்டுத் துளைத்து, நீரை உறிஞ்சி, புழுக்கொல்லி மருந்தைச் செலுத்தி, மீண்டும் உறிஞ்சும் முறை பல்லாண்டுகளாக நடைமுறையில் உள்ளது. முன்னேற்பாடுகளுடன் செய்யும்போது உயிருக்கு இடர் விளைவது அரிது என அவ்வனுபவம் காட்டுகிறது. எனினும் இவ்வனுபவம் முன்னேற்பாட்டுடன் செய்யப்படும் துளைப்புக்கே உரியது. அறியாமல் செய்யப்படும் துளைப்புக்கு அதனை நீட்ட இயலாது.

எனவே மூன்று நிலைகளைப் பிரித்தறிதல் தகும். முதலாவது, படிமத்தில் ஹைடாடிட் அடையாளங்கள் தெளிவாக இருப்பின் ஊசி தேவையில்லை. நேரடியாக அறுவைக்குத் திட்டமிடலாம். இரண்டாவது, கட்டி திடமாகவும் புற்றுநோய் ஐயம் வலுவாகவும் இருப்பின் ஊசியைத் தவிர்ப்பதே தவறாகும். அரிதான நோயை எண்ணிப் பரவலான கொடிய நோயைத் தவறவிடுதல் பேரிழப்பு. மூன்றாவது, சாதாரண நீர்க்கட்டி எனக் கருதிக் குத்தியபோது எதிர்பாராமல் தெளிந்த நீர் வருதல். சாதாரண மார்பக நீர்க்கட்டியின் நீர் பெரும்பாலும் மஞ்சளாகவோ பச்சை கலந்தோ பழுப்பாகவோ இருக்கும். குருதி கலவாதபோது அது சோதனைக்கு அனுப்பப்படாமல் கொட்டப்படுவதே வழக்கம். பளிங்கு போன்ற தெளிநீர் வந்தால் அதனைக் கொட்டிவிடாமல் நுண்ணோக்கிச் சோதனைக்கு அனுப்புவதும், நோயாளியைச் சில மணி நேரம் கண்காணிப்பதும், அட்ரினலின் மருந்தைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்திருப்பதும் இன்றியமையாதவை. கண்டறிதல் வெறும் ஒரு குழாய் நீரில் அடங்கியிருக்கும் தருணம் அது.

9. சிகிச்சை நெறிகள்

9.1 அறுவை

மார்பக ஹைடாடிட் கட்டிக்கு அறுவையே முதன்மைச் சிகிச்சை. அதுவே நோயை இறுதியாக உறுதி செய்வதும் ஆகும். கட்டியை உடையாமல், நார்த்திசு உறையுடன் முழுமையாக அகற்றுவதே குறிக்கோள். கல்லீரலைப் போலன்றி மார்பகத்தில் பெரிய குருதி நாளங்களோ பித்த நாளங்களோ குறுக்கிடாததால் இது பெரும்பாலும் கைகூடும். உறையைச் சுற்றிச் சிறிதளவு நலமான திசுவையும் சேர்த்து அகற்றினால் உடையும் வாய்ப்புக் குறையும்.

அறுவைக் களத்தைச் சுற்றி 20 விழுக்காட்டு உப்புநீரிலோ போவிடோன் அயோடினிலோ நனைத்த துணிகளைப் பரப்புதல், நீர் தற்செயலாகச் சிந்தினாலும் புழுத்தலைகளை அழித்துவிடும். கட்டி மிகப் பெரிதாகி உடையாமல் எடுக்க இயலாதபோது, நீரைக் கவனமாக உறிஞ்சி, புழுக்கொல்லி நீர்மத்தைச் சில நிமிடங்கள் உள்ளே நிறுத்தி, பின்னர்ச் சவ்வுகளையும் உறையையும் அகற்றுவர். மயக்க மருத்துவருக்கு நோயின் ஐயத்தை முன்னரே தெரிவித்தல் வேண்டும். அறுவையின்போது திடீரெனக் குருதியழுத்தம் தாழ்ந்தால் காரணத்தை உடனே உணர அது உதவும்.

மார்பகத்தை முழுமையாக அகற்றுதல், கட்டி மார்பகத் திசுவை ஏறக்குறைய முற்றிலும் அழித்துவிட்ட அரிய நிலையில் மட்டுமே தேவைப்படும். அக்குள் கணுக்களை அகற்றத் தேவையில்லை. புற்றுநோய் எனக் கருதித் தொடங்கிய அறுவையின் நடுவே வெண்ணிறச் சவ்வோ தெளிநீரோ வெளிப்பட்டால், அறுவையை அத்துடன் சுருக்கிக் கட்டியை மட்டும் அகற்றித் திசுச் சோதனைக்கு அனுப்புவதே முறை.

9.2 மருந்து

அல்பெண்டசோல் இந்நோய்க்குரிய முதன்மை மருந்து. நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மில்லிகிராம் வீதம், இரு வேளையாகப் பிரித்து, கொழுப்புள்ள உணவுடன் தரப்படுகிறது. கொழுப்பு இல்லாதபோது குடல் இம்மருந்தைப் போதிய அளவு உறிஞ்சுவதில்லை. அறுவைக்குச் சில நாட்கள் முன்னரே தொடங்கி, அறுவைக்குப் பின் ஒரு மாதமேனும் தொடர்வது வழக்கம். கட்டி உடைந்திருப்பினும் பிற உறுப்புகளில் கட்டிகள் இருப்பினும் காலம் நீளும். அறுவை இயலாத நோயாளிக்கு மாதக்கணக்கில் மருந்து மட்டுமே தரப்படுவதும் உண்டு.

மருந்து கல்லீரல் நொதிகளை உயர்த்தவும் வெள்ளணுக்களைக் குறைக்கவும் கூடுமாதலால் இடையிடையே குருதிச் சோதனை தேவை. கருவுற்ற தொடக்க மாதங்களில் இதனைத் தவிர்க்க வேண்டும். இந்நோயாளிகளுள் பலர் மகப்பேற்று வயதினர் என்பதால் இவ்வினாவைக் கேளாமல் மருந்தைத் தொடங்குதல் ஆகாது.

9.3 தொடர் கண்காணிப்பு

கட்டி மெல்ல வளரும் இயல்புடையதால் மறுதோற்றமும் காலம் தாழ்த்தியே வெளிப்படும். பல ஆண்டுகள் இடைவெளி விட்டு மார்பகத்தையும் வயிற்றையும் அல்ட்ராசவுண்டால் நோக்குதல் வேண்டும். நோய் நீங்கிய பின்னும் எதிர்ப்பொருள்கள் நெடுங்காலம் குருதியில் நிலைக்கும். அவற்றை மட்டும் கொண்டு நோய் திரும்பியதாக முடிவு செய்தல் கூடாது.

10. சிஸ்டிசெர்கோசிஸ்: ஒத்த தோற்றமும் மாறுபட்ட நெறியும்

மார்பகத்தில் காணப்படும் மற்றோர் ஒட்டுண்ணி நீர்க்கட்டி, டீனியா சோலியம் என்னும் பன்றி நாடாப்புழுவின் இளம்பருவத்தால் உண்டாவது. நன்கு வேகாத பன்றி இறைச்சியை உண்பவரின் குடலில் நாடாப்புழு வளர்கிறது. அவரது கழிவில் வெளியேறும் முட்டையை நீர் அல்லது காய்கறி வழியாக விழுங்குபவரின் தசையிலும் மூளையிலும் கட்டிகள் தோன்றுகின்றன. பன்றி இறைச்சியையே அறியாத, முற்றிலும் மரக்கறி உணவு உண்பவருக்கும் இந்நோய் வருவது இதனால்தான்.

இக்கட்டி சிறியது, பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டரளவே இருக்கும். உள்ளே ஒரே ஒரு புழுத்தலை சுவரோடு ஒட்டிய வெண்புள்ளியாக அல்ட்ராசவுண்டில் தெரியும். சுற்றியுள்ள திசுவில் அழற்சி மிகுந்திருக்கும். சேய்க்கட்டிகள் இல்லை, சிந்திப் பரவும் அச்சமும் இல்லை. ஆதலால் ஊசிச் சோதனை இங்குப் பாதுகாப்பானது. இந்தியாவில் பதிவான நேர்வுகள் பலவும் அவ்வாறே கண்டறியப்பட்டன.

ஒற்றைக் கட்டி தொல்லை தந்தால் அதனை அகற்றிவிடலாம். மருந்தாக அல்பெண்டசோலை, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டுடன் தருவதும் உண்டு. மருந்தைத் தொடங்குமுன் மூளையிலும் கண்ணிலும் கட்டிகள் உள்ளனவா என நோக்குதல் இன்றியமையாதது. மருந்தால் இறக்கும் புழு சுற்றிலும் அழற்சியைத் தூண்டும். மார்பகத்தில் அது சிறு வீக்கமாக முடியும், மூளையில் வலிப்பாகவும் கண்ணில் பார்வை இழப்பாகவும் முடியக்கூடும். நோயாளியின் குடும்பத்தாருள் எவர் குடலிலேனும் நாடாப்புழு உள்ளதா என்பதையும் ஆராய வேண்டும்.

11. தடுப்பு

ஹைடாடிட் நோயைத் தடுக்க இயலும் என்பதற்கு ஐஸ்லாந்து தலைசிறந்த சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அத்தீவில் இந்நோய் மிகப் பரவலாக இருந்தது. 1863ஆம் ஆண்டு அங்குச் சென்ற டென்மார்க் அறிஞர் ஹரால்ட் கிராபே நாய்களை ஆராய்ந்து, அவற்றுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இப்புழுவைக் கொண்டிருப்பதைக் கண்டார். நோய் எவ்வாறு பரவுகிறது, அறுத்த ஆட்டின் கட்டியுள்ள உறுப்புகளை நாய்க்கு ஏன் எறியக்கூடாது என்பதை மக்கள் மொழியில் விளக்கிய அவரது சிறுநூல் வீடுகள்தோறும் வழங்கப்பட்டது. 1869ஆம் ஆண்டு நாய்கள் பற்றிய சட்டமும் 1890ஆம் ஆண்டு அதனினும் கடுமையான சட்டமும் இயற்றப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் மனிதரிடம் புதிய தொற்று மறைந்தது. புழுநீக்க மருந்துகள் செம்மையுறாத காலத்திலேயே எழுத்தறிவும் பழக்க மாற்றமும் இவ்வெற்றியை ஈட்டின. பிற்காலத்தில் டாஸ்மேனியாவும் நியூசிலாந்தும் இவ்வழியிலேயே நோயை ஏறக்குறைய ஒழித்தன.

இன்று கையிலுள்ள கருவிகள் இன்னும் வலியன. நாய்களுக்குக் குறித்த கால இடைவெளியில் பிராசிகுவான்டல் மருந்து தருதல், செம்மறிகளுக்கு இ.ஜி.95 தடுப்பூசி இடுதல், முறைப்படுத்தப்பட்ட ஆடறுப்பு மனைகளில் மட்டுமே விலங்குகளை அறுத்துக் கட்டியுள்ள உறுப்புகளைப் புதைத்தோ எரித்தோ அழித்தல், நாயைத் தொட்டபின் கை கழுவுதல், காய்கறிகளைக் கழுவி உண்ணுதல் ஆகியவை சுழற்சியின் கண்ணிகளை ஒவ்வொன்றாக அறுக்கும். தெருவோர இறைச்சிக் கடையின் கழிவுக்காகத் தெருநாய்கள் காத்திருக்கும் ஊர்களில் இச்சுழற்சி தடையின்றித் தொடர வழி உண்டு என்பதை உள்ளாட்சி அமைப்புகள் கருத்திற்கொள்ளுதல் நலம்.

12. முடிவுரை

மார்பக ஒட்டுண்ணி நீர்க்கட்டிகள் அரியவை. ஆயினும் கண்டறியப்பட்டால் முற்றிலும் குணப்படுத்தத் தக்கவை. இக்கட்டுரையின் கருத்துகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவதாக, நோய் மிகுந்த பகுதிகளில் வாழ்ந்த பெண்ணிடம் மெல்ல வளரும் வலியற்ற மார்பகக் கட்டி காணப்பட்டால், ஹைடாடிட் கட்டியும் ஐயப்பட்டியலில் இடம்பெற வேண்டும். இரண்டாவதாக, அல்ட்ராசவுண்டே கண்டறிதலின் அச்சாணி. ஊனீர்ச் சோதனை துணைச்சான்று மட்டுமே. மூன்றாவதாக, ஊசியை எடுக்குமுன் படிமத்தை நோக்குதலும், எதிர்பாராத தெளிநீரை வீணாக்காமையும் நோயாளியைக் காக்கும். நான்காவதாக, புற்றுநோய் ஐயம் உள்ளவிடத்து அரிய நோயைக் காரணம் காட்டித் திசுச் சோதனையைத் தள்ளிப்போடுதல் கூடாது. ஐந்தாவதாக, கட்டியை உடையாமல் அகற்றுவதும் அல்பெண்டசோல் தருவதும் போதுமானவை. மார்பகத்தை இழக்க வேண்டிய தேவை மிக அரிது. இறுதியாக, ஒரு பெண்ணின் மார்பகத்தில் கண்டறியப்படும் ஹைடாடிட் கட்டி, அவர் வாழ்ந்த ஏதோ ஓர் ஊரில் ஆட்டுக்கும் நாய்க்கும் இடையே சுழற்சி நடைபெறுகிறது என்பதற்குச் சான்று. அவரைக் குணப்படுத்துவதோடு நில்லாமல், அவ்வூரின் பொதுநலப் பணியாளருக்கும் கால்நடை மருத்துவருக்கும் அதனைத் தெரிவிப்பதும் சிகிச்சையின் பகுதியாகவே கொள்ளத்தக்கது.